சுளகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்த பிள்ளை

பிள்ளை அழுகையை நிறுத்துவதாக இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பதினொரு மாதக் குழந்தை. பெயர் நஸ்ரின். பல் முளைக்கிற நேரம், எதைக் கண்டாலும் வாய்க்குக் கொண்டுபோகிற நேரம். அவள் அம்மா ஜொகராவின் வீடு மேலப்பாளையத்தில், கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. அன்று மத்தியானம் அந்த வீட்டு முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

கத்திக்கொண்டிருந்தேன் என்றா சொன்னேன்? முதலுதவி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தத் தெரு அங்கன்வாடிக்கு நான்தான் டீச்சர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குத் தொண்டை அடைத்தால், தீப்பட்டால், வலிப்பு வந்தால், விஷம் தின்றால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பொம்மையைக் கையோடு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆனித் திருவிழாக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கினேன். அதைக் குப்புறப் போட்டுத் தட்டித் தட்டி, ஒரே மாதத்தில் தலை தனியாகக் கழன்றுவிட்டது. அதைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு! “டீச்சர் தட்டுனா தல கழண்டுரும் போல” என்று ஒருத்தி சொன்னாள். நான் முறைத்தேன். அவள் இன்னும் சிரித்தாள்.

வகுப்புக்கு வாருங்கள் என்று அங்கன்வாடிக்குக் கூப்பிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள். சுற்றுகிற கை நிற்கக்கூடாது. அதனால் வகுப்பைச் சுளகு இருக்கிற இடத்துக்கே கொண்டுபோனேன். அவர்கள் பாட்டுக்கு இலையை வெட்டுவார்கள், தூளை வைப்பார்கள், சுருட்டுவார்கள், நூலைக் கட்டுவார்கள். காது மட்டும் எனக்கு. இந்த ஏற்பாட்டை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்ன உண்டு, நிறையவே இருந்தது.

அன்றைய பாடம், விஷம்.

“ஒங்க வீட்டுல விஷம் எங்கெங்க இருக்கு? கண்ண மூடி யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்” என்றேன். பினாயில் என்றாள் ஒருத்தி. மண்ணெண்ணெய், எலி மருந்து, கொசு மருந்து, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பொம்மைக்குள் போடுகிற பொத்தான் பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். இவ்வளவு கெட்டிக்காரிகளா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் நஸ்ரின் வீறிட்டாள். ஜொகரா எழுந்திருக்கப் பார்த்தாள். “நீ இரு, பாடத்தைக் கவனி” என்று அவளை அமர்த்திவிட்டு, பிள்ளையை நானே தூக்கினேன். ஜொகராவின் முழங்காலுக்கும் தூள் கிண்ணத்துக்கும் நடுவில் உட்கார வைத்தேன். கையில் ஒரு வெட்டு இலைத் துண்டைக் கொடுத்தேன். அந்தத் தெருவில் அழுகிற பிள்ளையை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், விளையாட இலை இருக்கிறது, அழுகை நின்றுவிடும்.

நின்றுவிட்டது. நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

மூக்கு மரத்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில், தெருவில் நுழைந்தாலே புகையிலை நெடி உச்சந்தலையில் ஏறும். தும்மித் தும்மிக் கண் சிவந்து போகும். ஊருக்கே போய்விடலாம் என்று அழுதிருக்கிறேன். “மீன் நாத்தத்துல பொறந்து வளந்தவளுக்கு எங்க தூள் வாசன பிடிக்கலயாக்கும்” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்வாள். நானும் விடமாட்டேன். மீன் வாசனைக்குப் பசி எடுக்கும், உங்கள் வாசனைக்குத் தும்மல்தான் வரும் என்பேன்.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் என் தங்கச்சி ஊரிலிருந்து வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். என்னடி என்றேன். எப்படிக்கா இதில் இருக்கிறாய் என்று கேட்டாள். எதில் என்று நான் கேட்டேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூக்கு மரத்துவிட்டது. அன்று அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்று.

சித்தப்பாவின் வீரம்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலுதவி என்றால் எனக்கு ஏன் இத்தனை வெறி என்று போன மாதம் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்.

என் தம்பிக்கு மூன்று வயது இருக்கும்போது புளியங்கொட்டையை விழுங்கப் பார்த்தான், அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, அவனைக் குனிய வைத்து முதுகில் நாலு போடு போட்டாள். கொட்டை தெறித்து அம்மாவின் கையிலேயே விழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குள் சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். வந்த வேகத்தில் பையனின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, வலையை வீசுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினார். தம்பி ஓவென்று அழுதான். பிழைத்துவிட்டான், பிழைத்துவிட்டான் என்று ஊரே கூடிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சித்தப்பா அந்தக் கதையைச் சொல்வார். அம்மா வாயே திறக்கமாட்டாள். எனக்கு வயிறு எரியும். ஏனம்மா நீ சொல்லவில்லை என்று கேட்டால், பிள்ளை பிழைத்ததே, அது போதாதா என்பாள். நான் சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஏளனமாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன், அவர் சாகிற வரைக்கும். அந்தச் சிரிப்பை இந்தக் கதை முடிகிற வரை ஞாபகம் வைத்திருங்கள்.

குப்புறப் போட்டுத் தட்டினேன்

வகுப்பு முடிகிற நேரம். ஜொகராவின் மாமியார் எல்லோருக்கும் தேயிலை கொண்டு வந்தார். டம்ளரை வாங்கக் குனிந்தபோதுதான் பிள்ளையைப் பார்த்தேன்.

நஸ்ரினின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிச் சட்டையை நனைத்திருந்தது. ஓங்கரித்தாள். ஒரு முறை முனகி அழுதாள். அப்புறம் கழுத்து தொய்ந்து சரிந்தாள்.

என் கையிலிருந்த டம்ளர் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளையைப் பறித்து, முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டுத் தட்டினேன். இலைத் துண்டுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். பாடத்தில் சொன்னபடியே ஐந்து. ஒன்றும் வரவில்லை. வாந்திதான் வந்தது. திருப்பினேன், மறுபடியும் தட்டினேன்.

அழ முடிகிற பிள்ளைக்கு மூச்சு அடைக்கவில்லை, அதைத் தட்டாதே என்று போன வாரம் அதே கூடத்தில் நின்று சொன்னவள் நான். அவள் முனகியது என் காதில் விழுந்தது. விழுந்தும் தட்டினேன். பொம்மையைத் தட்டித் தட்டிப் பழகிய கை, நிற்கவில்லை.

வாயை விரலால் துடைத்தேன். விரல் பழுப்பாக வந்தது. பார்த்தேன். இலைச்சாறு என்று நினைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன். பதில் என் விரலிலேயே இருந்தது, ஐயா!

அதற்குள் மாமியார் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டு வந்துவிட்டார், குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்க. ஒருத்தி கண்ணூறு என்றாள், ஆலிமைக் கூப்பிட்டு ஓதி ஊத வேண்டும் என்றாள். மாமியார் கையிலிருந்த சொம்பை நான் தட்டிவிட்டேன். ஊறின இலைமேல் எல்லாம் தண்ணீர் கொட்டியது. “ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது” என்று கத்தினேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். மயக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

கேட் அடைத்திருந்தது

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினோம். ஜொகரா, மாமியார், நான். பிள்ளை என் மடியில், ஒருக்களித்த வாக்கில்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தது.

அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் பைக்குகள். ரயில் வருகிற அறிகுறியே கிடையாது. நான் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். ஏறியது, இறங்கியது. ஏறியது. அடுத்தது வர நேரமானது. ஜொகரா பிள்ளையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாமியார் தொழுகைச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் மாதாவைக் கூப்பிட்டேன். அந்த ஆட்டோவில் யார் யாரைக் கூப்பிடுவது என்ற கணக்கே இல்லை.

ரயில் போனது. கேட் திறந்தது. பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என்னத்தத் தின்னுச்சு?

குழந்தைகள் வார்டில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை என்ன விஷம் சாப்பிட்டது என்பதுதான்.

எங்கள் வீட்டில் விஷமே இல்லை என்றார் மாமியார். பினாயில் மேல் அலமாரியில். எலி மருந்து வாங்கி வருடக் கணக்காகிறது. மாத்திரை டப்பா பூட்டில். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நாங்கள் மூன்று பேரும் இல்லை இல்லை என்று தலையாட்டினோம். நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன். நான் முதலுதவி டீச்சர், அன்று மத்தியானம்தான் விஷப்பாடம் எடுத்தேன் என்று சொல்லவும் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் நாகர்கோவில்காரர். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். குழந்தையின் வாயைச் சுத்தம் செய்யக் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். குழந்தையின் வாயை மோந்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

“நீங்க எல்லாம் வீட்டுல பீடி சுத்துகவங்களா?” என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் இடி இறங்கியது. இடி என்பதெல்லாம் சும்மா சொல்கிற வார்த்தை இல்லை. காது அடைத்துவிட்டது. டாக்டர் என்னவோ சொல்கிறார், வாய் அசைகிறது, எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு சுளகு, சுளகு நிறையத் தூள். நடுவில் நின்றுகொண்டு, விஷம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடி யோசிக்கச் சொன்னேன். யோசித்தார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சோறு போடுகிற பொருளை எவள் விஷம் என்று நினைப்பாள்? ஒரு சிட்டிகை போதும் இந்த வயதுப் பிள்ளைக்கு, என்றார் டாக்டர். கையில் என்ன ஒட்டியிருந்தாலும் வாய்க்குத்தானே போகும்.

பிறகு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் திட்டக்கூட இல்லை, சீட்டில் எழுதுவதற்காகத்தான் கேட்டார். பிள்ளையை யார் புகையிலைப் பக்கத்தில் விட்டது?

என் வாய் திறக்கவில்லை.

“நாந்தான் சார். பாக்காம விட்டுட்டேன்” என்றாள் ஜொகரா.

பொன்னாடை

இரண்டு நாளில் நஸ்ரின் கண்ணை உருட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிழைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை, பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. வாந்தி எடுக்க வைப்பதைத் தடுத்தார், ஒரு நிமிடம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று என் பெயர் தெருவெல்லாம் பரவியது. ஒரு கூட்டத்தில் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். குழந்தையின் உயிரைக் காத்த அங்கன்வாடி டீச்சர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தாயின் கவனக்குறைவால் என்றும் சொன்னார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்த வாய் இது.

ஜொகராவின் மாப்பிள்ளை, நஸ்ரினின் அப்பா, அப்போது சௌதியில் இருந்தார். ஃபோனில் அவளைப் பேசாத பேச்சில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று பல மாதம் அவளோடு நேரே பேசவே இல்லையாம். தன் அம்மாவிடம் பேசுவார், ஃபோன் கை மாறும்போது வைத்துவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாரா வாரம் அந்தத் தெருவுக்குத்தானே போனேன். தூள் கிண்ணத்துக்கு மூடி, சுளகைத் தரையில் வைக்கக்கூடாது, பிள்ளையைத் தூக்குமுன் கை கழுவு, விஷப் பட்டியலில் முதல் பெயர் புகையிலை என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாதவளுக்குச் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும்.

வருடங்கள் போய்விட்டன. நஸ்ரின் இப்போது நாலாம் வகுப்பு.

போன வெள்ளிக்கிழமை

இந்தத் தொடரில் இந்த அத்தியாயத்தை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரமாக வேறு வேறு கதை எழுதி அனுப்பினேன். கடைசியில் என்மேலேயே கோபம் வந்து, இந்தக் கதையை எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜொகரா வீட்டுக்குப் போனேன்.

அவள் உயரமான பலகையில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். தூள் கிண்ணத்துக்கு மூடி இருந்தது. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். அன்று நஸ்ரினைத் தூக்கி அங்கே உட்கார வைத்தது நான். கையில் இலைத் துண்டைக் கொடுத்ததும் நான். ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேடையில் பொன்னாடையும் வாங்கினேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுருட்டி, நூலைக் கட்டி, அறுத்துப் போட்டாள்.

“தெரியும் டீச்சர். நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்” என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நானும் அங்கனதான ஒக்கார வச்சிருப்பேன். என்னத்தச் சொல்ல? ஒங்களச் சொன்னா அடுத்த வாரம் வகுப்புக்கு எவ வருவா? மூணு வீடு தள்ளி ஒரு பிள்ளைக்குக் கடலப் பருப்பு அடச்சப்ப, குப்புறப் போட்டுத் தட்டிக் காப்பாத்துனது யாரு? ஒங்க வகுப்புல இருந்தவதான.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். அன்று நான் போனதிலிருந்து முதல் முறையாக அவள் கை நின்றது.

“ஆனா ஒண்ணு டீச்சர். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அவ மொத பொறந்த நாளைக்கு வந்தீங்க, சொல்லுவீங்கன்னு பாத்தேன். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வந்தீங்க. அவ வாப்பா லீவுல வந்தப்ப, பக்கத்துலயே ஒக்காந்து காப்பி குடிச்சீங்க. அப்பவும் பாத்தேன்.”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கோபம் பழக்கம், திருப்பித் தரவும் தெரியும். அவள் சும்மா, கடைக்குப் போன கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிடாதீங்க என்று கையைத் தட்டிவிட்டாள். அவள் விரலிலிருந்த தூள் என் கையில் ஒட்டியது.

பையிலிருந்த காகிதத்தை எடுத்து, இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா, உன் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். உள்ளே நஸ்ரின் சத்தம் போட்டு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்த வேண்டாம். எம் பேரே இருக்கட்டும். அவ வாப்பாவும் படிக்கட்டும்” என்றாள். மறுபடியும் கத்தரியைக் கையில் எடுத்தாள். “நான் பாக்காம விட்டுட்டேன்னு மட்டும் எழுதிராதீங்க.”

எழுதவில்லை, ஜொகரா. பிள்ளையைத் தூக்கிச் சுளகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது நான் என்றுதான் எழுதியிருக்கிறேன்.